புல் வெட்டிய தகப்பன்

முழங்கால் சத்திரசிகிச்சை முடிந்து அம்மா டென்மார்க்கில் ஹொல்ஸ்டெப்ரோ நகரத்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், நான் குசினியில் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன். திடீரென்று ஹோலிலிருந்து சத்தம்.

"பிள்ளை, ஓடி வா! எங்கடை ஆக்கள் வந்திருக்கினம்!"

இந்த மழைக்குள் யார் வந்தது என்று கையைத் துடைத்துக்கொண்டு ஓடினேன். வாசலில் ஒருவரும் இல்லை. அம்மா கட்டுப்போட்ட காலை மேசையில் நீட்டியபடி ரிவியைக் காட்டினார். அங்கே ஒரு வீடு. முன்னுக்குப் பச்சைப் புல், பக்கத்தில் நீலக் கதவுள்ள கராஜ், கதவுக்கு முன்னால் கையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிற ஒரு சின்னப் பெட்டை.

"ரிமோட்டைத் தட்டிக்கொண்டு போனன், தானா வந்து நிண்டுது. எத்தினை வருசம்! அதே வீடு, அதே கதவு."

அதே வீடுதான், அதே கதவுதான். முப்பது வருடத்துக்கு மேலாகியும் அந்தப் பெட்டைக்கு ஒரு வயது கூடவில்லை. எனக்குத்தான் அவளைப் பார்க்கப் பயமாக இருந்தது.

நான் சிறுமியாக இருந்தபோது வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் போன அமெரிக்க நாடகம் அது. ஏதோ ஒரு நகரத்தின் ஓரத்தில், எல்லா வீடும் ஒரே அச்சில் இருக்கும் வீதி ஒன்று. அதில் ஒரு குடும்பம். செருப்புக்கடை வைத்திருக்கும் தகப்பன், எந்நேரமும் எதையோ ஓவனில் வைத்து எடுக்கிற தாய், பெரியவள், சின்னவள். சின்னவள்தான் கதை சொல்பவள். ஆனால் கதை சொல்கிற குரல் சின்னவளின் குரல் இல்லை. வயது போன ஒரு பெண்ணின் குரல், முகம் காட்டாமல் பேசும். அது யாரென்று அம்மா முதல் நாளே கேட்டார். சின்னவள் வளர்ந்து பெரியாளாகிப் பழசை நினைத்துச் சொல்கிறாள் என்றேன். அம்மா பெருமூச்சு விட்டார். "அப்ப அவளுக்கு ஒண்டும் நடக்காது. நிம்மதியாப் பாக்கலாம்" என்றார். நாங்கள் ஊரைவிட்டு வந்து அப்போது இரண்டு வருடம்தான். கடைசியில் உயிரோடு இருப்பார்களா என்பதுதான் அம்மாவுக்கு எந்தக் கதையிலும் முதல் கேள்வி.

டென்மார்க்கில் சின்னப்பிள்ளைகளின் கார்ட்டூனைத் தவிர வேறெதற்கும் குரல் மாற்ற மாட்டார்கள். ஆட்கள் ஆங்கிலத்தில் பேசுவார்கள், கீழே டெனிஷ் எழுத்து ஓடும். அம்மாவுக்கு அப்போது இரண்டுமே தெரியாது. அப்பாவுக்கு இறைச்சித் தொழிற்சாலையில் தேவைப்படும் இருபது சொல் தெரியும். எனக்கு ஒன்பது வயது, ஒரே பிள்ளை, வகுப்பில் வாசிப்பில் முதலாவது. ஆகவே நான் நடுவில் இருப்பேன். எழுத்து ஓட ஓட வாசித்துத் தமிழில் சொல்லுவேன். அம்மா என் வலப்பக்கம். காலை வேலை முடித்து வந்த அப்பா இடப்பக்கம், பாதி நித்திரையில்.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய் கொஞ்சம் கூடிப்போய்விட்டது.

முதல் பொய் ஒரு முத்தத்தில் ஆரம்பித்தது. பெரியவளும் ஒரு பெடியனும் காருக்குள் இருக்கிறார்கள். அப்பா அந்த நேரம் பார்த்துக் கண்ணைத் திறந்துவிட்டார். நான் அவசரத்தில், "அவன் அவளின்ரை காதிலை ரகசியம் சொல்லுறான்" என்றேன்.

"காதிலை சொல்லுறதுக்கு வாயை ஏன் அங்கை கொண்டுபோறான்?" என்று அம்மா கேட்டார்.

"வெள்ளைக்காரர் அப்பிடித்தான்" என்றேன். அந்த ஒரு வசனம் அந்த வயதில் எனக்கு எவ்வளவு உதவியிருக்கிறது என்று சொல்லி முடியாது.

பிறகு அது பழகிவிட்டது. பெரியவள் பீர் குடித்தால் அப்பிள் ஜூஸ். சின்னவள் பாடசாலைக்குப் போகாமல் ஒளித்தால் விடுமுறை. அப்பா தலையாட்டுவார், அம்மா முறுக்குத் தட்டை நீட்டுவார், எல்லோருக்கும் திருப்தி. உள்ளதைச் சொல்லியிருந்தால் ரிவியை மூன்றாம் வாரமே நிறுத்தியிருப்பார்கள். எனக்கு அந்த வீதி வேண்டும். அந்தப் பெட்டைகள் கேட்டுக்கேள்வி இல்லாமல் கதவைத் திறந்துகொண்டு வெளியே போவதைப் பார்க்கவேண்டும். அதற்கு நான் கட்டிய வரிதான் அந்தப் பொய்கள்.

ரிவிக்கு மட்டும் இல்லை, நான் எல்லாவற்றுக்கும் அவர்களின் வாய். பல் வைத்தியர், நகரசபையான கொம்யூனிலிருந்து வரும் கடிதங்கள், வாடகை வீட்டுக் கந்தோர் எல்லாம் நான்தான். என் வகுப்பாசிரியர் என் பெற்றோரைக் கூப்பிட்டு என்னைப்பற்றிச் சொன்னதையும் நானே மொழிபெயர்த்தேன். வகுப்பில் வாயை மூடுகிறாள் இல்லை என்று ஆசிரியர் சொன்னார். வகுப்பில் நன்றாகப் பங்கெடுக்கிறாளாம் என்றேன். அப்பா ஆசிரியருக்குக் கைகொடுத்து நன்றி சொன்னார். ஆசிரியர் முழித்த முழி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

அம்மா இப்போது அந்த அம்மா இல்லை. பத்தொன்பது வருடம் முதியோர் இல்லத்தில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். மேற்குக் கரை டெனிஷ்காரர் இழுத்து இழுத்துப் பேசுவதுபோலவே பேசுவார். கொம்யூன் கடிதத்தை என்னைவிட வேகமாக வாசிப்பார். அவருக்குக் கீழே ஓடும் எழுத்துக்கு என் உதவி தேவையில்லை. அதுதான் என் பயம்.

"முதலாம் பாகத்திலையிருந்து பாப்பம்" என்றார். "ஒவ்வொரு பின்னேரமும் ரெண்டு. டொக்டரும் காலை நீட்டி இருக்கச் சொன்னவர்தானே."

பன்னிரண்டாம் பாகத்தில் என்ன வருகிறது என்று எனக்குத் தெரியும். ஒரு நாளைக்கு இரண்டு என்றால் ஆறு நாள். ஒடென்சே மருந்தகத்தில் பத்து நாள் விடுப்பு எடுத்து வந்திருந்தேன், இன்னும் ஏழு நாள் மீதி. எந்தப் பக்கத்தால் கணக்குப் பார்த்தாலும் அகப்படுவேன்.

அந்தப் பன்னிரண்டாம் பாகத்தைச் சொல்லிவிடுகிறேன். பெரியவளுக்குப் பதினெட்டு வயது. மஞ்சள் கார் வைத்திருக்கும் ஒரு பெடியனோடு கடற்கரைப் பக்கம் போய் இருக்கப்போகிறேன் என்று சாப்பாட்டு மேசையில் சொல்கிறாள். தகப்பன் கரண்டியை வைத்துவிட்டு, "இந்தக் கதவால் போனால் திரும்பி வராதே" என்கிறார். அவள் பையைத் தூக்கிக்கொண்டு போகிறாள். மஞ்சள் கார் கிளம்புகிறது. தகப்பன் எழும்பிப் போய், புல்வெட்டும் மெசினை எடுத்து, முன்வளவில் புல் வெட்டுகிறார். கார் வீதி முடக்கில் மறைந்த பிறகும் வெட்டுகிறார். வெட்டின இடத்தையே திரும்பவும் வெட்டுகிறார்.

அப்போது எனக்குப் பத்து வயது. இடப்பக்கம் அப்பா முழு விழிப்பில் இருந்தார். என் வாய் தானாகத் திறந்தது. "அவளுக்குத் தூரத்திலை யூனிவர்சிற்றி கிடைச்சிருக்காம். தகப்பன் போட்டு வா பிள்ளை எண்டுறார்."

"பிறகேன் புல்லு வெட்டுறார்?" என்றார் அம்மா.

"அழுகை வருது. பிள்ளை பாக்கக்கூடாதெண்டு வெட்டுறார்."

அம்மா சேலைத் தலைப்பு இல்லாத குறைக்குச் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்தார். அப்பா மெசின் சத்தம் நிற்கும்வரை ரிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இது இத்தோடு முடிந்திருந்தால் நானும் சிரித்துக்கொண்டு அம்மாவோடு உட்கார்ந்து பார்த்திருப்பேன். ஒன்பது வருடம் கழித்து எனக்கு ஒடென்சே பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. ஓர்ஹுஸிலும் கிடைத்தது. அது வீட்டுக்குக் கிட்ட. அதனால்தான் அதை வேண்டாமென்றேன். அப்பா மாட்டேன் என்றுவிட்டார். பெட்டைப்பிள்ளை தனிய அறை எடுத்து இருக்கிறதோ, ஹொல்ஸ்டெப்ரோவில் உள்ள சனம் என்ன கதைக்கும், அது இது. இரண்டு கிழமை வீட்டில் ஒருவர் முகம் பார்த்து ஒருவர் கதைக்கவில்லை. கடைசியில் அம்மாதான் அப்பாவின் முன்னால் தேத்தண்ணியை வைத்துவிட்டுச் சொன்னார்: "அந்தச் செருப்புக்கடை மனுசன் விடேல்லையே? அவர் மட்டும் தகப்பன் இல்லையோ? அழுதழுது புல்லு வெட்டினவர், ஆனால் விட்டவர்."

அப்பா விட்டார். என்னை ரயில் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவர்தான். "போட்டு வா பிள்ளை" என்றார். அச்சொட்டாக நான் கட்டிவிட்ட அந்த வார்த்தை. ரயில் பாதித் தூரம் போகும்வரை நான் யன்னல் பக்கம் திரும்பவேயில்லை. அப்பா காலமாகி ஆறு வருடமாகிறது. உண்மை தெரியாமலேயே போனார்.

அம்மா அதோடும் நிற்கவில்லை. பிறந்தநாள் வீடு, கோயில் என்று போகிற இடமெல்லாம் பெண்பிள்ளை வைத்திருந்த தாய்மாருக்கு அந்தத் தகப்பனின் கதையைச் சொன்னார். எத்தனை பெட்டைகள் அந்தப் புல்லில் நடந்து பல்கலைக்கழகம் போனார்களோ தெரியாது.

இதுகூடப் பரவாயில்லை. என்னை நித்திரை கொள்ளவிடாமல் செய்தது இன்னொன்று.

எனக்குப் பதினொரு வயதில், ஈஸ்டர் விடுமுறையில், அம்மாவுக்கு ஆறாம் மாதத்தில் பிள்ளை தவறியது. அப்பா வேலையில். அயல்வீட்டு டெனிஷ் அம்மா காரில் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் விட்டார். மொழிபெயர்ப்பாளர் பின்னேரம்தான் வருவார் என்றார்கள். அம்மா விடவில்லை. "என்ரை பிள்ளை இருக்கிறாள், இப்பவே கேளுங்கோ" என்று என்னைப் பிடித்து முன்னுக்கு இழுத்தார். அப்போது அம்மாவும் அப்பாவின் தொழிற்சாலையில்தான் வேலை; அதற்கு முதல்நாள் அங்கே ஆள் குறைவென்று பெட்டி தூக்கியிருந்தார். அதைத்தான் கேட்கச் சொன்னார். "நான் தூக்கினதாலையோ எண்டு கேள்."

கேட்டேன். டொக்டர் எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார். நான் சொன்னேன்: "உங்கடை பிழை இல்லையாம். வேலையாலை இல்லை, தூக்கினதாலையும் இல்லை. உங்கடை பிழை இல்லையாம்." அம்மா, "திருப்பிக் கேள்" என்றார். திருப்பிக் கேட்டேன். டொக்டர் திருப்பிச் சொன்னார்.

அந்த ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா எழும்பினார். ஊரிலிருந்து பெரியம்மா தொலைபேசியில், வயித்துப் பிள்ளையோடை வேலைக்குப் போனால் இப்படித்தான் என்று குத்தியபோது, "டொக்டர் சொன்னவர், என்ரை பிழை இல்லை" என்றார். பிறகு வேறு பிள்ளை இல்லாதபோது யாராவது வாயைத் திறந்தால், "டொக்டர் சொன்னவர்." முப்பது வருடமாக அதே பதில். அந்த வசனத்தை நான் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. என் வாயால் ஒழுங்காக வந்தது என்று நான் சத்தியம் செய்யக்கூடியது அதுதான். ஆனால் நாடகத்தை மாற்றிச் சொன்னவள் ஆஸ்பத்திரியை மாற்றவில்லை என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்? நாடகத்தின் குட்டு வெளிப்பட்டால் நாடகம் மட்டும் போகாது.

முதலிரண்டு பாகங்களும் சிரிப்போடு போயின. அம்மா உதட்டை அசைத்து எழுத்தை வாசித்தார். கார் முத்தம் வந்தபோது என் தொடையில் ஒரு அடி போட்டார்.

"ரகசியம் சொல்லுறான் எண்டெல்லோ சொன்னனி, கள்ளி!"

"அப்பா பக்கத்திலை இருந்தவர், நான் என்ன செய்ய?"

அம்மா இருமி இருமிச் சிரித்தார். காலை அசைக்க வேண்டாமென்று நான் பிடிக்கவேண்டியதாயிற்று. அப்பாடா, இவ்வளவுதானே என்று எனக்கு ஒரு கணம் ஆறுதல்.

நாலாம் பாகத்தில் அப்பிள் ஜூஸ் அகப்பட்டது. ஆறாம் பாகத்தில் விடுமுறை அகப்பட்டது. எட்டாம் பாகத்தில் அம்மா சிரிக்கவில்லை. "இது வேறை கதை மாதிரி இருக்கு" என்று மட்டும் சொன்னார். நான் எழும்பிப் போய்த் தேத்தண்ணி போட்டேன். அம்மா கேட்கவில்லை, எனக்கும் வேண்டியிருக்கவில்லை.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பது சரிதான். என்னால் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. யன்னல் துடைத்தேன். துடைத்த யன்னலை மழை நனைத்தது, திரும்பத் துடைத்தேன். அம்மாவின் சைக்கிளை எடுத்துக்கொண்டு காற்றுக்கு எதிராக மிதித்துக் கடைக்குப் போய், வீட்டில் நான்கு பெட்டி இருக்கும்போது பால் வாங்கி வந்தேன். ஊர்ப் படம் ஒன்று பார்ப்போமா என்றேன். வேண்டாமாம். தோட்டத்தைப் பற்றிய டெனிஷ் நிகழ்ச்சி ஒன்றைப் புகழ்ந்தேன். எனக்கே வெட்கமாக இருந்தது.

ஆறாம் நாள் காலையில் இணையப் பெட்டியின் வயரைக் கழற்றிவிட்டேன். நாற்பத்து மூன்று வயதுப் பெண், மருந்தகத்தில் இரண்டு ஆளை வைத்து வேலை வாங்குகிறவள், தாயின் வீட்டு அலுமாரிக்குப் பின்னால் குனிந்து வயர் கழற்றுகிறாள்.

"இணையம் பழுது போலை கிடக்கு" என்றேன்.

அம்மா தொலைபேசியை எடுத்தார். உதவி எண்ணுக்கு அடித்து, வரிசையில் காத்திருந்து, அந்தப் பெடியனோடு தன் மேற்குக்கரை டெனிஷில் காலநிலையும் முழங்காலும் கதைத்து, பிறகு அவன் சொல்லச் சொல்ல எனக்குக் கட்டளை போட்டார். "வயர் செருகி இருக்கோ எண்டு பார் எண்டுறான்." பார்த்தேன். "செருகேல்லை" என்றேன். "அப்ப செருகு" என்றார். செருகினேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கழற்றியது யார் என்று கேட்கவில்லை.

மத்தியானம் சோறு போட்டுக்கொடுக்கும்போது சொல்லிவிடுவோம் என்று வாயெடுத்தேன். "அம்மா, அந்த நாடகத்திலை..." என்று தொடங்கினேன்.

"இண்டைக்கு அந்த மனுசன் புல்லு வெட்டுறது வரும், என்ன?" என்றார் அம்மா. முகம் மலர்ந்திருந்தது. "அப்பா இருந்தால் பாத்திருப்பார். அவர் வாய் திறந்து சொல்லாட்டிலும், உன்னை விட்டது இந்த மனுசனைப் பாத்துத்தான். எனக்குத் தெரியும்."

அம்மாவுக்கு இன்னொரு கரண்டி சோறு போட்டேன். தண்ணீர் குடித்தேன். சொல்லவில்லை. கோழை என்றால் கோழைதான்.

பின்னேரம் மூன்று மணி. அம்மாவின் முழங்காலில் ஐஸ் பை வைத்தேன். பதினோராம் பாகம் முடிந்தது. பன்னிரண்டாவது தொடங்கியது. நான் பழைய இடத்தில், அவரின் இடப்பக்கத்தில். அப்பாவின் பக்கம் வெறுமையாக இருந்தது.

சாப்பாட்டு மேசை வந்தது. பெரியவள் பேசினாள். தகப்பன் கரண்டியை வைத்தார். எழுத்து ஓடியது.

அம்மாவின் உதடு நின்றது. ரிமோட்டை எடுத்துப் பின்னால் ஓட்டினார். தகப்பன் திரும்பவும் கரண்டியை வைத்தார். அம்மா அந்த வரியை டெனிஷில் உரத்து வாசித்தார், முதியோர் இல்லத்தில் மருந்துச் சீட்டு வாசிக்கிற மாதிரி, சொல் சொல்லாக. பிறகு அதைத் தமிழில் தனக்குத்தானே சொன்னார். "போனால் திரும்பி வராதை."

கார் போயிற்று. மெசின் இரைந்தது. அம்மா அப்படியே நிறுத்திவிட்டார். புல்வெட்டி பாதி வளவில் நின்றது.

"போட்டு வா பிள்ளை எண்டெல்லோ சொன்னனி."

"ஓம்."

"யூனிவர்சிற்றி?"

"இல்லை அம்மா. அந்தப் பெடியனோடை போறாள்."

"ஏன் பிள்ளை?"

அப்பா பக்கத்தில் இருந்தார், பயம் என்று சொல்லலாம். அது பாதிதான். "நானும் போகோணும் எண்டு அப்பவே நினைச்சனான்" என்றேன். "பத்து வயசிலையே. கதவை மூடிப்போடுவார் எண்டு பயந்தனான். ஓர்ஹுஸ் கிடைச்சும் ஒடென்சே எடுத்தது, தூரம் எண்டுதான்." அழுகை வந்துவிட்டது. புல் வெட்ட என்னிடம் மெசின் இல்லை, மூக்கைச் சிந்தினேன்.

அம்மா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நல்லது. "அந்த மனுசன் அதை நம்பித்தானே விட்டவர்" என்றார், அப்பாவை. பிறகு ரிவியையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் இருந்தார். ஐஸ் உருகி அவரின் காற்சட்டையை நனைத்தது. நான் எடுக்கப் போனேன். கையால் தடுத்தார்.

"அப்ப அண்டைக்கு," என்றார்.

அந்தக் கேள்வி வரும் என்று ஆறு நாளாகத் தெரியும்.

"ஆஸ்பத்திரியிலை. என்ரை பிழை இல்லையெண்டு. அது டொக்டர் சொன்னதோ, நீ சொன்னதோ?"

"டொக்டர்தான் அம்மா. சத்தியமா..." அந்தச் சொல் என் வாயில் எவ்வளவு பொய்யாகக் கேட்டது என்று எனக்கே தெரிந்தது. பல நாள் கள்ளன் ஒரு நாள் உண்மை சொன்னால் யார் நம்புவது?

"சத்தியம் வேண்டாம்" என்றார் அம்மா. "அவர் சொன்ன மாதிரியே சொல்லு. டெனிஷிலை சொல்லு. எனக்கு இப்ப விளங்கும்."

அந்த வார்த்தைகளை அன்றைக்குப் பிறகு நான் வாய்விட்டுச் சொன்னதேயில்லை. தேடவும் தேவைப்படவில்லை.

"டெ ஏ இக்க தீன் ஸ்க்யூல்" என்றேன்.

உன் பிழை இல்லை. அவ்வளவுதான் அதில் இருப்பது. சிறுபிள்ளைக்கும் விளங்கும் டெனிஷ். அம்மா கண்ணை மூடிக் கேட்டார். முதியோர் இல்லத்தில் குரல் அடங்கிய கிழவர்கள் சொல்வதைக் குனிந்து கேட்பாரே, அப்படி.

"நான் திருப்பிக் கேக்கச் சொன்னனான். அப்ப என்ன சொன்னவர்?"

"அதையேதான். ஆனால் ரெண்டாம் தரம் என்னைப் பாத்துச் சொல்லேல்லை. உங்கடை கட்டில் விளிம்பிலை இருந்து, உங்கடை கையைப் பிடிச்சு, உங்களுக்குத்தான் சொன்னவர். உங்களுக்கு டெனிஷ் தெரியாதெண்டு அவருக்குத் தெரியும். எண்டாலும் உங்களுக்குத்தான் சொன்னவர்."

அம்மா தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"ஓம்" என்றார். "கையைப் பிடிச்சவர். பெரிய கை. சூடாயிருந்தது. அதுக்குப் பிறகுதான் நான் மொழிப் பள்ளிக்கூடத்துக்குப் போக வெளிக்கிட்டனான். பதினொரு வயசுப் பிள்ளையை அந்தக் கட்டிலடியிலை நிப்பாட்டிப் போட்டனே எண்டு."

நான் அவரின் தோளில் தலையை வைத்தேன், நாற்பத்து மூன்று வயதென்றும் பாராமல். அம்மா அந்த டெனிஷ் வசனத்தை ஒருமுறை சொல்லிப் பார்த்தார். தன் இழுவையில், மெல்ல, எனக்குச் சொன்னாரா தனக்குச் சொன்னாரா தெரியவில்லை. பிறகு என் தலையைத் தள்ளிவிட்டு ரிமோட்டை எடுத்தார்.

"போ, புது ஐஸ் கொண்டுவா. வந்து பேசாமல் இரு. பெரியவள் திரும்பி வாறாளோ எண்டு பாப்பம். நீ வாயைத் திறக்காதை, நான் வாசிக்கிறன்."